இடது பக்கப் பின்கதவு

என் கணவருக்குப் பழுதுபார்க்கத் தெரியாத பொருள் உலகத்தில் இல்லை. அவருடைய எண்ணம் அப்படி. மோட்டார் மக்கர் பண்ணினால் அவரே பிரிப்பார், மிக்ஸி நின்றுபோனால் அவரே திறப்பார். பிரித்ததைத் திரும்ப மாட்டியும் விடுவார். ஆனால் மாட்டி முடித்ததும் கையில் இரண்டு திருகாணி மிஞ்சியிருக்கும். அப்படி மிஞ்சிய திருகாணிகளைப் போட்டுவைக்கவே எங்கள் வீட்டு அலமாரியில் ஓர் ஊறுகாய் ஜாடி இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சம்பந்தி வீட்டுக் காரின் கதவை நோக்கி அவர் சுத்தியலோடு நடந்த அன்றைக்கு மட்டும் வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்று அல்லது நான்காக இருக்கும், சித்திரை மாதம். கம்பத்தை அடுத்து எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே. வீட்டில் நானும் அவரும், அவருடைய அம்மாவான அத்தையும், அவருடைய தங்கையும். மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகையால் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கிற பொறுப்பு முழுக்க என் கணவர் தலையில்தான்.

நாத்தனாருக்கு அதற்கு முன்பே ஒரு சம்பந்தம் கூடி வந்து நின்றுபோயிருந்தது. நிச்சயம் முடித்து, பூ வைத்து, எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டாரின் வேன் சின்னமனூர் தாண்டுவதற்குள் டயர் வெடித்து நின்றது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் மறுநாளே ஆள் அனுப்பி, சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். டயர் வெடித்ததற்கு டயர்தான் காரணம் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதன் பிறகு அவள் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். நலங்கு வைக்க யார் கூப்பிட்டாலும் தலைவலி என்பாள். ராசியில்லாதவள் என்று மற்றவர்கள் பேசியதுகூட எனக்குப் பெரிதில்லை. அவளே அதை நம்பிவிட்டாள், அதுதான் எனக்கு ஆத்திரம். நான் ஆண்டிபட்டிக்காரி. மழையே பெய்யாத ஊரில் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் விதைக்கவே முடியாது.

இரண்டாவதாக வந்தது அல்லிநகரத்துச் சம்பந்தம். தேனி பஜாரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். மாப்பிள்ளை அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியான ஆள், நிமிர்ந்து பார்க்கவே யோசிப்பார். நாங்கள் பயந்தது அவருடைய அம்மாவுக்குத்தான். நிச்சயத்தன்று எங்கள் வாசற்படியில் கால் வைக்கப் போன அந்த அம்மாள், உள்ளே எங்கேயோ பல்லி கத்தியதும் தூக்கிய காலைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார். எந்தத் திசை என்று கணக்குப் பார்த்து, திருப்தியாகி, அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். அவர் நின்ற அந்த நேரம் முழுவதும் அடுப்படியில் என் நாத்தனார் ஆற்றிய காபியையே திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கார் வந்த கதை இதுதான். அத்தைக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. சொந்தக்காரர்களோ கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஊர் ஊராக இருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தாம்பாளத்தோடு நேரில் போய்க் குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைக்காவிட்டால் பிறகு காலத்துக்கும் பேச்சு. இதைக் கேள்விப்பட்ட சம்பந்தி, எங்கள் வண்டி சும்மாதான் நிற்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். சின்ன வெள்ளைக் கார். அந்த அம்மாள் அதன் பானட்டைத் தடவியபடி சொன்னதை என்னால் மறக்க முடியாது. "வாங்குன நாள்ல இருந்து ஒரு கீறல் விழுந்ததில்ல. அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்கா சுத்திப் போடுறேன்." வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அவர்கள் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறார்கள்.

எல்லா ஊரும் முடித்து, கடைசியாகக் கோம்பை போய்விட்டுத் திங்கட்கிழமை பொழுது சாய வீடு திரும்பினோம். என் கணவர் ஓட்டினார், அத்தையும் நானும் பின்னால். தார்ரோட்டிலிருந்து இறங்கியதும் எங்கள் தோட்டத்துப் பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். அந்த முக்கில் திராட்சைப் பந்தலின் முதல் கல்தூண், பாதைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். எங்கள் டிராக்டரின் டிரெய்லரே அதில் பல தடவை உரசியிருக்கிறது. அவருக்குத் தெரியாததா? ஆனால் அன்று மோட்டார் ரூம் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டார். த்ரீ ஃபேஸ் கரண்டு வந்துவிட்டது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு விவசாயி எப்படித் திருப்புவானோ அப்படித் திருப்பினார். என் பக்கத்துக் கதவில் 'நறநற'வென்று ஒரு சத்தம். தாம்பாளம் சரிந்து, மிச்சமிருந்த குங்குமம் முழுவதும் அத்தையின் மடியில் கொட்டியது.

யாரும் இறங்கவில்லை. அத்தை தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "போச்சு" என்று ஒரு சொல்தான் சொன்னார்.

இடது பக்கப் பின்கதவில் ஒரு சொம்பைக் கவிழ்த்து அமுக்கிய மாதிரி பெரிய ஒடுக்கு. அதன் குறுக்கே நீளமாகக் கீறல். வீட்டு வாசலில் நின்ற நாத்தனார் அதைப் பார்த்தாள், அம்மாவின் சேலையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள், அப்படியே உள்ளே போய்விட்டாள். டயர் வெடித்த சேதி வந்த அன்றைக்கும் இப்படித்தான் உள்ளே போனாளாம்.

காசு பணம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டு, இடித்துவிட்டோம், சரி செய்துவிட்டோம் என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவர் காதில் விழுவது அந்த அம்மாள் காதிலும் விழும் என்பதுதான் சிக்கல். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வண்டி, பெண் வீட்டு எல்லையிலேயே, குங்குமம் கொட்ட இடித்திருக்கிறது. பல்லிக்கே காலைத் திரும்ப வைத்தவர் இதற்கு என்ன செய்வார்? தேனியிலும் கம்பத்திலும் இருக்கிற பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கடையும் தெரியும், அந்த வண்டியும் தெரியும். அதனால் என் கணவர் முடிவு செய்துவிட்டார். "வெளிய தெரிய வேண்டாம். நானே பாத்துக்கிறேன்."

அந்த "நானே பாத்துக்கிறேன்" எனக்கு ஊறுகாய் ஜாடியைத்தான் ஞாபகப்படுத்தியது.

செவ்வாய்க்கிழமை காலையில் காரை மோட்டார் ரூமுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினோம். தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று நான் கொடி கட்டி, நனைத்த சேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டேன். துவைத்த சேலையையே திரும்பத் திரும்ப நனைத்துப் போட்டதில் எனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டதென்று திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்து பண்ண வந்த பெண்கள் பேசிக்கொண்டார்களாம். பேசிவிட்டுப் போகட்டும். கதவின் உள்பக்க அட்டையை அவர் நெம்பி எடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் கொக்கிகளில் பாதி முறிந்து ஜாடிக்குப் போயின. மண்வெட்டிக் காம்பில் சாக்கைச் சுற்றி உள்ளேயிருந்து முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார்.

ஒடுக்கு நிமிரவில்லை. கதவின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, பொத்தென்று தரையில் விழுந்தது. நான் அலறிவிட்டேன். காரே உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் குனிந்து எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். சுவர்ப் பூச்சு பெயர்ந்த மாதிரி இருந்தது.

"இது தகரம் இல்ல. பட்டி" என்றார்.

பெயர்ந்த இடத்தில் தகடு தெரிந்தது. ஏற்கெனவே நசுங்கி, ஏற்கெனவே யாரோ தட்டி, துருப்பிடித்திருந்த தகடு. அதன் மேல் பள்ளத்தை நிரப்புகிற பட்டி மாவை அப்பி, தேய்த்து, வெள்ளை அடித்து மறைத்திருக்கிறார்கள். கீறலே விழாத கார் என்றார்களே, அந்தக் காரின் கதவில்.

என் கணவருக்கு அதில் முதலில் வந்தது தொழில்காரனின் கோபம்தான். எவனோ தொழில் தெரியாதவன் பார்த்திருக்கிறான், இத்தனை கனத்துக்கா பட்டி வைப்பான், வீட்டுச் சுவர் பூசுகிறவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று திட்டித் தீர்த்தார். எனக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. எதில் இடித்தார்கள்? ஏன் மறைத்தார்கள்? அத்தை சேலை மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மெதுவாக வந்து, "ஆள் மேல கீள் மேல ஏத்திருப்பாகளோ" என்றார். அதுவரைக்கும் எங்களுக்கு இருந்தது ஒரு பயம். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு. நாங்கள் இடித்தது அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்று. அவர்கள் எதில் இடித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறதே என்பது இன்னொன்று. மாப்பிள்ளை குடிப்பாரோ, போலீஸ் கேஸ் ஏதும் இருக்குமோ என்றெல்லாம் நினைத்தேன். அந்த அமைதியான முகம்கூட இப்போது எதையோ ஒளித்துவைத்திருக்கிற முகமாகத் தோன்றியது.

கேட்டுவிடலாம் என்றேன். கேட்டால் நீங்கள் ஏன் கதவைப் பெயர்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்பார்களே என்றார் அவர். நாத்தனாரிடம் சொல்ல வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் அன்று மத்தியானம் அவளே வந்து அந்தச் சில்லைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை பட்டி. அதை வாங்க அவர் கம்பத்துக்குப் போகவில்லை, பஸ் ஏறி உத்தமபாளையம் போனார். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு டிராக்டருக்கு என்று சொன்னாராம். எந்த வெள்ளை வேண்டும் என்று அடுத்த கேள்வி. வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கும் என்று இவருக்கு அதுவரை தெரியாது. பால் மாதிரி வெள்ளை என்று சொல்லி வாங்கி வந்துவிட்டார். பட்டியோடு ஒரு சின்ன டியூபில் சிவப்புப் பசை கொடுப்பார்கள். கொஞ்சூண்டு கலந்தால் பட்டி மெதுவாக இறுகும். வியாழக்கிழமைக்குள் காய வேண்டுமே என்று இவர் டியூபையே பிதுக்கிவிட்டார். என் தோசைக் கரண்டியில் அள்ளிக் கதவுக்குக் கொண்டுபோவதற்குள் அது கரண்டியிலேயே கல்லாகிவிட்டது. அந்தக் கரண்டி இன்றும் வீட்டில் இருக்கிறது. தோசைக்கு ஆகாது.

இரண்டாவது தடவை அளவாகக் கலந்து, ஒருவழியாக அப்பினார். நானும் நாத்தனாரும் தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க ஓரிடம் மேடாகவும் ஓரிடம் பள்ளமாகவும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் ஒவ்வொரு குறையும் தெரியும். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. கல்யாணப் பெண்ணின் கை இப்படியா இருக்கும் என்று அத்தை ஒரு மூச்சு அழுதார். இந்தக் கையில்தான் இன்னும் கொஞ்ச நாளில் மருதாணி வைக்க வேண்டும்.

அவள் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "மதினி, அவுக மறைச்சத நாம இப்ப மறுபடி மறைக்கிறோம். இல்ல?"

நான் தாளைத் தண்ணீரில் நனைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை பெயின்ட். பிரஷ்ஷால் அடித்தால் கோடு தெரியும், பட்டறையில் மெஷின் வைத்துத்தான் அடிப்பார்கள், அது நமக்கு எங்கே கிடைக்கும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கவலையும் இல்லை. மோட்டார் ரூமிலிருந்து மருந்தடிக்கிற ஸ்பிரேயரை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். திராட்சைக் கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வராமல், இலை கருகாமல், நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோமே, அதே ஸ்பிரேயர்.

"இத்தன ஏக்கர் கொடிக்கு இலை இலையாப் பனி மாதிரி அடிக்கிறவனுக்கு ஒரு கதவு எம்மாத்திரம்?" என்றார்.

நன்றாகக் கழுவினீர்களா என்று கேட்டேன். தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும் அலசிவிட்டதாகச் சொன்னார். அலசியிருப்பார், பொய் சொல்லவில்லை. ஆனால் குழாய்க்குள் வருஷக்கணக்காகக் காய்ந்து ஒட்டியிருந்த துத்தம் தண்ணீருக்கு அசையவில்லை. பெயின்டைக் கரைக்கிற தின்னருக்கு அசைந்தது. பெயின்டை மோர் மாதிரி கரைத்து ஊற்றி, கைப்பிடியை அடித்து, குழலை நீட்டினார். முதலில் வெள்ளையாகத்தான் வந்தது. அழகாகவே வந்தது. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வீச்சில் குழல் இருமிக்கொண்டு துப்ப ஆரம்பித்தது. வெள்ளைக் கதவு முழுக்க நீலப் பொட்டு பொட்டாக விழுந்தது. சில இடத்தில் பொட்டு கரைந்து கீழ்நோக்கி வழிந்தது. பதறிப்போய் அவர் இன்னும் வேகமாக அடித்தார், இன்னும் நீலமாக வந்தது. வரப்போரத்து இலவ மரத்தில் காய் வெடித்திருந்த சமயம் வேறு. காற்றில் வந்த பஞ்சும் ஈரப் பெயின்டில் ஆசையாக ஒட்டிக்கொண்டது.

மருந்தடித்த திராட்சை இலை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது சம்பந்தி வீட்டுக் காரின் கதவு.

அவர் ஸ்பிரேயரைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படித் தோற்றுப்போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் காரைக் கொடுத்தாக வேண்டும். கோபமாகக் கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் குனிந்து அவர் தோளிலிருந்து ஸ்பிரேயர் வாரைக் கழற்றினேன். "எங்க அய்யா இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகுமா" என்று முனகினார்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து நாத்தனார் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை தன் செல்போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் ஒரு தடவைகூட அதில் கூப்பிட்டதில்லை. நான் ஓடிப்போவதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "உங்க காரை எங்க அண்ணன் இடிச்சிருச்சு. அது இருக்கட்டும். அந்தக் கதவுல பழைய பட்டி இருக்கே, அது எதுல இடிச்சது?"

மறுமுனையில் மாப்பிள்ளை ஏதோ சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு, "நேர்ல வாராகளாம்" என்றாள். அத்தை சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வந்து சேர்கிற வரைக்கும் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம் என்றால் நல்ல விஷயமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தார்ரோட்டில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போனேன். கடைசியில் அவர் பைக் வந்தது. பாதையில் இறங்கியதும் அந்த முக்கில் மட்டும் மிகவும் மெதுவாக, காலை ஊன்றி ஊன்றித் திருப்பினார். பைக்கின் முன்னால் ஒரு மஞ்சள் பை தொங்கியது. நேராகக் காரிடம் போய், நீலப் பொட்டுகளைப் பார்த்து ஒரு நிமிஷம் அசந்து நின்றார். பிறகு அந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். பாதி காலியான பெயின்ட் டப்பா. அந்தக் காருக்கே உரிய வெள்ளை.

"பட்டி பாத்தது நாந்தேன் மச்சான்" என்றார். "எனக்குச் சரியா வரல."

இரண்டு நாளாகத் தொழில் தெரியாதவன் என்று திட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிறகு மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பெண் பார்க்க எல்லாரும் வருவதற்கு முதல் நாள், கூட்டத்துக்கு நடுவில் எப்படிப் பார்ப்பது என்று தனியாகக் காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். பாதையில் இறங்கித் திரும்பியபோது வாசலில் நாத்தனார் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம். நன்றாகப் பார்த்திருக்கிறார். அவள் நிமிரப் போனதும் பயந்துபோய் அவசரமாகப் பின்னால் எடுத்ததில், அதே கல்தூணில், அதே கதவு. வீட்டில் சொன்னால் அம்மா சகுனம் என்று சொல்லிப் பெண் பார்க்கவே வர மாட்டார் என்று, கடைக் குடோனில் காரை நிறுத்தி அவரே பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார். அந்தத் தூணில் இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்பு என்று நினைத்திருந்தோம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கணவர் அதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேய்த்து இந்த வெள்ளையை அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, வாங்க மாப்பிள்ளை என்றார். மாப்பிள்ளையும் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை எதிரில் பெண் வந்து நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நாத்தனார் கொடியில் தொங்கிய சேலையை ஒதுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடிக்க வேண்டாம்" என்றாள். "இந்தக் கதவோட இப்படியே வண்டியக் கொண்டுபோயி உங்கம்மாகிட்டச் சொல்லிருங்க. எனக்குப் பயந்து பயந்து அலுத்துப்போச்சு. நிக்கிறதா இருந்தா இப்பவே நிக்கட்டும்."

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மாப்பிள்ளை அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்தார். மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு, சரி என்றார். பைக்கை எங்கள் வீட்டில் போட்டுவிட்டு, நீலப் பொட்டு விழுந்த காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அந்தத் தூணுக்கும் காருக்கும் நடுவில் என் கணவர் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கம்பத்திலிருந்து தேனி எத்தனை தூரம், இந்நேரம் உத்தமபாளையம், இந்நேரம் சின்னமனூர் என்று மனது வண்டியோடவே போய்க்கொண்டிருந்தது. சின்னமனூரை நினைத்ததும் டயர் ஞாபகம் வந்தது. நான், சகுனமே பார்க்காத ஆண்டிபட்டிக்காரி, அந்த டயருக்காகக் குலசாமியை வேண்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் மணி அடித்தது. அத்தை எடுக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் எடுத்தேன். அந்த அம்மாள்தான். எடுத்ததும், மருமகளைக் கூப்பிடு என்றார். மருமகள் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாத்தனார் வாங்கிக் காதில் வைத்தாள், நான் என் காதையும் பக்கத்தில் ஒட்டினேன்.

"ஏ ஆத்தா, பயந்துட்டியா?" என்றது அந்தக் குரல். "ஒரே கல்லு ரெண்டு தடவ வழி மறிச்சும் இந்தக் கல்யாணம் நிக்கலைன்டா, அதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? இருந்த கண்ணேறு பூராம் கதவோட போச்சு. உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, அந்த நீலத்த யாரும் அழிக்க வேண்டாம். பிள்ளைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி அங்கனயே கெடக்கட்டும்."

போனை வைத்ததும் அத்தை விழுந்து விழுந்து சாமியைக் கும்பிட்டார். என் கணவர் தான் அடித்த பெயின்ட் கடைசியில் நல்ல வேலைதான் செய்திருக்கிறது என்று அதற்குள் பெருமை பேசத் தொடங்கிவிட்டார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தத் தூணைப் பிடுங்கித் தள்ளி நடுவதற்குக் கிளம்பியும் விட்டார். நான் சிரித்துக்கொண்டே திரும்பினால், நாத்தனார் மட்டும் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மதினி" என்றாள். "இவுகளுக்கு என்னையப் பிடிச்சிருக்கு, அதனால கதவே நசுங்குனாலும் நல்ல சகுனம். அப்ப அன்னைக்கு டயர் வெடிச்சதுல ஒண்ணுமில்ல. அவுகளுக்கு என்னையப் பிடிக்கல. அம்புட்டுத்தான?"

அத்தனை வருஷம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குள் கிடந்தவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், எல்லாருக்கும் சோறு போட்டாள்.